காந்தம் நிற்காத இடங்கள்

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது நாலாயிரத்து முந்நூறு டாலர்.
பார்க்கலாம், குற்றமில்லை.
அதிலும் எனக்குத் தொழிலே பல்.
சால்தோ நகரத்தில் பாதிக் கிழவர்கள்
என் பட்டறைப் பற்களால்தான்
மாட்டிறைச்சி மெல்கிறார்கள்.

ஜூலை. உருகுவே நாட்டில் அது குளிர்காலம்.
பல்செட் ஆர்டர் தாளின் பின்புறம்
பதினெட்டுக் கேள்விகள்.
கோட்டுப் பையில் துணி சுற்றிய காந்தம்.
இரும்பென்றால் ஒட்டும்,
பட்டி பூசியிருந்தால் வழுக்கும்.
எனக்குத் தெரிந்த கார் சாஸ்திரம் அவ்வளவுதான்.
மீதி, மைத்துனன் வாஷிங்டன் சொன்னது.
(எங்கள் ஊரில் அது சாதாரணப் பெயர்.)
"காலையில் போ. முதலில் பானெட்டைத் தொடு.
சூடாயிருந்தால்
திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு."

நெலிதா எச்செவெர்ரி கேட்டைத் திறந்தாள்.
அக்குளில் வெந்நீர் பிளாஸ்க்,
கையில் மாத்தே குடுவை,
கழுத்தில் இன்னமும் ஒரு விசில்.
முப்பது வருடம் கூடைப்பந்து நடுவர்.
"அதோ" என்றாள்.
கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றேன்,
அவள் தலையசைக்கும்வரை.

ஆரஞ்சு மரத்தடியில்
ஐம்பத்தொன்பதாம் வருடத்து பெஜோ.
வெள்ளையா மஞ்சளா என்று கேட்டால்
என் தொழிலில் அதற்கு எண் உண்டு.
ஏ-மூன்று:
காபியை விடாதவரின் கடைவாய்ப்பல்.

முன் மட்கார்டில் காந்தம் நின்றது.
கதவில் நின்றது.
பின்சக்கரத்துக்கு மேலே
நழுவிப் புல்லில் விழுந்தது.
எடுத்தேன், வைத்தேன், விழுந்தது.
இப்படி நான்கு இடம்.
"அடைத்திருக்கிறார்கள்" என்றேன்.
"உங்கள் ஆட்கள் செய்யாததா?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.
உள்ளங்கையைப் பானெட்டில் வைத்தேன்.

சுட்டது.
புல்லெல்லாம் பனி பூத்துக் கிடந்த காலையில்
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவள் விசிலை எடுத்து
மெதுவாக, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி
ஒருமுறை ஊதினாள்.
"ஃபவுல். என் பேரில்.
ஆறு மணியிலிருந்து கிளப்பினேன்,
பதினோராவது தடவையில்தான் பிடித்தது.
குளிர் வந்தால் இதற்கு ஆகாது.
இருநூறு குறைத்துக்கொள்ளுங்கள்."

இந்த இடத்தில் நான் கிளம்பியிருக்க வேண்டும்.
உட்கார்ந்து பார்த்தேன்.
ஸ்டியரிங் தண்டிலேயே கியர்.
பெட்ரோல் வாசம், அதன் அடியில் ஆரஞ்சுத் தோல்.
ஆஷ்ட்ரேயை இழுத்தால்
சாம்பல் இல்லை.
ஒரு பல்.

கீழ்த்தாடை, முன்வெட்டுப் பல்,
தானாக ஆடி விழுந்தது.
ஆறு வயது, மிஞ்சினால் ஏழு.
"யாருடையது?"
ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள்.
"தெரியாது. எனக்கு முன்னால்
மூன்று பேர் வைத்திருந்தார்கள்.
நான் அதைத் திறந்ததேயில்லை,
புகைக்கிற பழக்கம் இல்லை."

ஆஷ்ட்ரேயை மூடினேன்.
பதினெட்டில் மூன்றைக் கேட்டிருந்தேன்.
மீதித் தாளை மடித்து வைத்துவிட்டு
பணத்தை எண்ணத் தொடங்கினேன்.
அவள் குறுக்கே பேசவில்லை.
மாத்தேயை மட்டும் ஒருமுறை நீட்டினாள்.
கசப்பு. அந்த நேரத்துக்குச் சரியாக இருந்தது.

ஆற்றோரச் சாலையின் ஏற்றத்தில்
ஒருமுறை இருமி, ஒருமுறை குலுங்கி
நின்றுபோனது.
பின்னால் பழ லாரி.
ஹாரன் அடிப்பார்கள் என்று பார்த்தால்
நான்கு பேர் குதித்து வந்து தள்ளினார்கள்,
கல்யாண ஊர்வலம் மாதிரி கத்திக்கொண்டு.
ஒருவன் மூச்சு வாங்கியபடி கேட்டான்:
"எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள்?"
"இருபது நிமிஷமாக."
சிரிப்பில் இரண்டு பேர் கையை எடுத்துவிட்டார்கள்.
வண்டி கொஞ்சம் பின்னால் வந்தது.

ஓரங்கட்டி, மெக்கானிக்குக்குக் காத்திருந்து,
வெயில் சாய்கிற நேரத்தில்
வாஷிங்டனிடமிருந்து போன்.
"வாங்கிவிட்டாயா? பானெட்டைத் தொட்டாயா?"
"தொட்டேன்."
"எப்படி?"

கையை நீட்டி இன்னொரு முறை தொட்டேன்,
பொய் சொல்லக் கூடாது என்பதற்காக.

"ஜில்லென்று இருக்கிறது" என்றேன்.